காத்து எங்கதான் போகுது? சைக்கிள்ல மெதுவா இறங்குற பஞ்சரைத் தேடிப் பிடிச்ச விவரம்

ஆணி குத்துன பஞ்சர்ல தலைவலி கம்மி. புஸ்ஸுன்னு சத்தம் கேக்கும், பத்தடி போறதுக்குள்ள வண்டி ஆடும், இறங்கிப் பாத்தா ஆணித் தலை கண்ணுக்குத் தெரியும், ஒட்டுனா முடிஞ்சுது. ஆனா ராத்திரி நல்லா விறைப்பா இருந்த டயரு காலைல அமுக்குனா உள்ள போகுது, காத்தடிச்சா அன்னைக்கு முழுக்க ஓடுது, மறுநாள் காலைல திரும்ப அதே நிலைமை, தண்ணில முக்கிப் பாத்தா ஒரு குமிழி கூட வரல, இதுதான் ஆளப் படுத்தி எடுக்குறது. என்னோட சைக்கிள் பின்சக்கரத்துல கொஞ்ச நாளா இதே கதைதான். காரணத்தக் கண்டுபிடிச்சு சரி பண்ற வரைக்கும் என்னென்ன செஞ்சேனோ அத அப்படியே எழுதுறேன், ஏன்னா இதுல பாதி விஷயம் பஞ்சர் கடையில உக்காந்து பாத்தாலும் தெரியாது, அவங்களுக்கு பின்னாடி நாலு வண்டி நிக்கும்போது ஒரு டியூபுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாது.

வண்டி கியர் வச்ச ஹைப்ரிட். டயர் 700×35சி, பியூட்டைல்ங்கிற செயற்கை ரப்பர் டியூப், ஷ்ரேடர் வால்வு, அதாவது மோட்டார் பைக்ல வர்ற அதே வால்வு. நான் காத்தழுத்தம் 60 பி.எஸ்.ஐ. வச்சு ஓட்டுறேன். ஓட்டுற ரோடு பெரும்பாலும் மதுரை விருதுநகர் நாலுவழிச் சாலையோட ஓரம், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம். இந்த ஓரம்ங்கிறது முக்கியம், பின்னாடி வரும்.

முதல்ல இது பஞ்சர் தானான்னு பாக்கணும். சாயங்காலம் வெயில்ல காத்தடிச்சு காலைல பாத்தா எந்த டயர்லயும் கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கும், சூடு குறைஞ்சா காத்து சுருங்கும். ஆனா எவ்வளவு குறையும்னு கணக்குப் போட்டுப் பாத்தா, 35 டிகிரில 60 இருந்தது 25 டிகிரிக்கு வரும்போது ரெண்டரை பி.எஸ்.ஐ. கிட்டதான் குறையும். எனக்கு 60 வச்சது காலைல 30ல வந்து நின்னுச்சு. பியூட்டைல் ரப்பர் வழியாவும் காத்து கசியத்தான் செய்யும், ஆனா அது வாரக் கணக்குல நடக்குற வேலை, பழைய இயற்கை ரப்பர் டியூப விட ரொம்பவே கம்மி. 1937ல அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனில வேலை பாத்த வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ்னு ரெண்டு பேரு இந்த பியூட்டைல கண்டுபிடிச்சாங்க, காத்த விடாம பிடிச்சு வைக்கிறதுல இத விட்டா டியூபுக்கு வேற சரியான ரப்பர் இல்லன்னு சொல்லலாம். அப்படிப்பட்ட டியூப்ல ஒரே ராத்திரில பாதி காத்து போகுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு, சந்தேகமே வேணாம்.

இன்னொன்னு, சும்மா சும்மா கேஜ் வச்சு அளக்கக் கூடாது. சைக்கிள் டியூப்ல இருக்குற காத்தே கொஞ்சம், ஒவ்வொரு தடவ கேஜயோ பம்பு ஓஸையோ மாட்டும்போதும் ரெண்டு மூணு பி.எஸ்.ஐ. அதுலயே போயிரும். அப்புறம் நாம அளந்து அளந்தே காத்த இறக்கிட்டு ஓட்டையத் தேடிட்டு இருப்போம்.

பஞ்சர் கடை அண்ணன் ஏற்கனவே ஒரு தடவ டியூப கழட்டி தொட்டில முக்கி ஒரு ஓட்டை கண்டுபிடிச்சு ஒட்டிக் குடுத்திருந்தாரு. ஒட்டு நல்ல ஒட்டுதான், இன்னைக்கும் கெட்டியா இருக்கு. ஒரு வாரம் ஒழுங்கா ஓடுச்சு, அப்புறம் திரும்ப இறங்க ஆரம்பிச்சுது. மறுபடி போனப்போ முக்கிப் பாத்துட்டு "தம்பி, ஒன்னுமே இல்லையே, வால்வு பின்னு லூஸா இருக்கும், மாத்திடுவோம்"னாரு. மாத்துனோம். மறுநாள் காலைல திரும்ப அமுங்குச்சு.

வால்வச் சந்தேகப்படுறது நியாயம்தான், அதத்தான் முதல்ல பாக்கணும், ஏன்னா அதுக்கு டயரக் கழட்ட வேண்டியதே இல்ல. எச்சி தொட்டு வால்வு வாயில வச்சுப் பாக்குறது எல்லாருக்கும் தெரியும். மெதுவா கசியுறதுக்கு அது பத்தாது, எச்சி காஞ்சிரும். அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. சக்கரத்தச் சுத்தி வால்வ உச்சிக்குக் கொண்டு வந்தா வால்வு வாய் கீழ நோக்கி, ஹப் பக்கம் பாத்து நிக்கும். ஒரு சின்ன கிளாஸ்ல தண்ணி எடுத்து ஸ்போக்ஸ் கம்பிக்கு நடுவுல விட்டு கீழ இருந்து மேல தூக்கி வால்வு முங்குற மாதிரி பிடிச்சுக்கிட்டா போதும், எவ்வளவு நேரம் வேணாலும் பாக்கலாம். நான் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பிடிச்சேன், ஒன்னும் வரல. வால்வு பின் சுத்தம்.

எங்கப்பாவோட பழைய 28 இன்ச் சைக்கிளா இருந்தா இங்கயே கதை முடிஞ்சிருக்கும். அதுல இருக்குறது உட்ஸ் வால்வு, உள்ள ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும், நம்ம ஊர்ல வால்வு டியூப்னு கேட்டா தருவாங்க. வெயில்லயே நிக்கிற வண்டிக்கு அந்த ரப்பர் சீக்கிரம் இத்துப் போயி விரிசல் விட்டுரும், காத்து மெதுவா இறங்கும். அந்த மாதிரி வண்டி வச்சிருக்குறவங்க டியூபக் கழட்டுறதுக்கு முன்னாடி வால்வு டியூப மாத்திப் பாருங்க, பெரும்பாலும் அதுதான்.

அடுத்து சக்கரத்தையே கழட்டி, டயர் டியூபோட 60 பி.எஸ்.ஐ. வச்சு, துணி ஊற வைக்கிற அகலமான டப்புல ரிம் மட்டும் முங்குற மாதிரி சுத்துனேன், ஹப் பேரிங்குக்குள்ள தண்ணி போகாம பாத்துக்கிட்டு. குமிழி வந்துச்சு, ஸ்போக்ஸ் கம்பிய ரிம்ல பிடிச்சு வைக்கிற நிப்பிள் ஓட்டை வழியா, நாலஞ்சு எடத்துல. அந்த நிப்பிள் பக்கத்துல தான் பஞ்சர்னு நினைக்கத் தோணும், ஆனா அப்படி இல்ல. டியூப்ல இருந்து வெளிய வந்த காத்து டயருக்கும் டியூபுக்கும் நடுவுல ஓடி எங்க சந்து கெடைக்குதோ அங்க வெளிய வரும், ஓட்டை எதிர்ப்பக்கம் கூட இருக்கலாம். இதுல ஒன்னு மட்டும் உறுதியாச்சு, காத்து டியூப்ல இருந்துதான் போகுது.

இப்போ டியூபக் கழட்டணும். இங்கதான் நிறைய பேரு அவசரப்பட்டு, பின்னாடி உபயோகப்படப் போற ஆதாரத்த அழிச்சிடுறாங்க. கழட்டுறதுக்கு முன்னாடி டயர்ல வால்வு எந்த எடத்துக்கு நேரா இருக்குன்னு சாக்பீஸால கோடு போட்டு வச்சுக்கணும். டயர் மாட்டும்போதே கம்பெனிப் பேர் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டி வச்சிருந்தா இன்னும் நல்லது, கோடே வேணாம். டியூப வெளிய எடுத்ததும் செயின் பக்கம் எதுன்னு டியூப்ல பேனாவால ஒரு அடையாளம். இது ரெண்டும் இருந்தா டியூப்ல ஓட்டை கெடைச்ச உடனே டயர்ல எந்த எடத்தப் பாக்கணும்னு நேரா விரல் வைக்கலாம். இல்லன்னா ரெண்டு மீட்டர் சுற்றளவு டயர இஞ்ச் இஞ்ச்சா தடவணும்.

கழட்டி வெளிய எடுத்து காத்தடிச்சு வாளில முக்குனேன். கடையில பாத்த அதேதான், ஒன்னும் இல்ல. 60 பி.எஸ்.ஐ.ல டப்புல குமிழி விட்ட டியூப், வெளிய எடுத்தா சாதுவா இருக்கு. இது ஏன்னு உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன், அதுலதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது.

என் டியூப்போட கொள்ளளவு சுமாரா 2 லிட்டர். 60ல இருந்து 30க்கு இறங்குதுன்னா வெளிய போற காத்து, சாதாரண அழுத்தத்துல அளந்தா 4 லிட்டர். பத்து மணி நேரத்துல 4 லிட்டர்னா ஒரு செகண்டுக்கு 0.11 சி.சி. மூணு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி ஒன்னு 0.014 சி.சி., அப்போ செகண்டுக்கு எட்டு குமிழி வரணும், நல்லாவே தெரியணும். ஆனா இது டயருக்குள்ள, அந்த அழுத்தத்துல இருக்கும்போது. டியூப வெளிய எடுத்துட்டா சுத்தி டயர் இல்ல, காத்தடிக்க அடிக்க டியூப் பெருத்துக்கிட்டே போகுமே தவிர உள்ள அழுத்தம் ஏறாது, ஒன்னு ஒன்றரை பி.எஸ்.ஐ. இருந்தா அதிகம். அந்த அழுத்தத்துல அதே ஓட்டை வழியா போற காத்து கிட்டத்தட்ட எழுபதுல ஒரு பங்கு தான். அப்படின்னா ஒன்பது பத்து செகண்டுக்கு ஒரு குமிழி. கடையில டியூப தொட்டில விட்டு கைக்குக் கை மாத்தி உருவிக்கிட்டே போவாங்க, ஒரு எடத்துல ஒரு செகண்ட் கூட நிக்காது. குமிழி எப்படிக் கண்ணுல படும்?

அதுக்கு மேல தண்ணியோட பரப்பு இழுவிசைன்னு ஒன்னு இருக்கு, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஓட்டை சின்னதாக சின்னதாக அது வழியா தண்ணிக்குள்ள குமிழி வெளிய வர அதிக அழுத்தம் வேணும். ஓட்டை விட்டம் 20 மைக்ரான், அதாவது தலைமுடி தடிமன்ல பாதி கூட இல்லன்னு வைங்க, வெறும் தண்ணில குமிழி வெளிய தள்ளவே 2 பி.எஸ்.ஐ. தேவைப்படும். நம்ம டியூப்லயோ ஒன்றரை தான் இருக்கு. அப்போ பத்து செகண்ட் இல்ல, விடிய விடிய முக்கி வச்சாலும் வராது. சோப்புத் தண்ணியா இருந்தா பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழ போயிடும், அதே ஓட்டைல இருந்து குமிழி வந்துரும். பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் ஊத்தச் சொல்றது நுரை வந்து கண்ணுக்குத் தெரியுறதுக்காகன்னு மட்டும் நினைச்சிருந்தேன், இந்தக் காரணமும் அதுல இருக்கு.

ஆக மூணு விஷயம் மாத்துனேன். வாளித் தண்ணில பாத்திர சோப்பு லிக்விட் ரெண்டு ஸ்பூன், நுரை பொங்காம மெதுவா கலக்கி. டியூப்ல இன்னும் காத்து, மணிக்கட்டு தடிமனுக்கு மேல பெருக்குற வரைக்கும், ரப்பர் இழுபட்டா ஓட்டையும் விரியும். அப்புறம் நேரம். ஒரு சாண் நீளத்த தண்ணிக்குள்ள பிடிச்சு, ரெண்டு கையாலயும் லேசா இழுத்து வச்சு, மனசுக்குள்ள இருபது எண்ணுறது, அப்புறம் அடுத்த சாண்.

இதுல ஒரு தொந்தரவு உண்டு. டியூப தண்ணில முக்குன உடனே அது மேலெல்லாம் குட்டிக் குட்டியா குமிழி ஒட்டிக்கிட்டு இருக்கும், மேல ஒட்டுன பழைய பவுடர்ல சிக்குன காத்து அது. அதப் பாத்து ஏமாறக் கூடாது. தண்ணிக்குள்ளயே விரலால வழிச்சு விட்டுட்டு அப்புறம் எண்ண ஆரம்பிக்கணும். வழிச்ச பிறகும் அதே எடத்துல திரும்ப முளைக்குற குமிழி எதுவோ அதுதான் நம்மாளு.

அப்படித்தான் கெடைச்சுது. ஊசி நுனி அளவுக்கு ஒரு புள்ளி, டியூப்ல ஒட்டிக்கிட்டே மெதுவா பெருசாச்சு, மிதந்து மேல கூட வரல, அங்கயே உக்காந்துச்சு. வழிச்சு விட்டேன். எண்ணிட்டு இருக்கும்போதே அதே எடத்துல திரும்ப புள்ளி. இன்னொரு தடவ வழிச்சேன், திரும்ப. அவ்ளோதான், பிடிச்சாச்சு. வெளிய எடுத்துத் தொடச்சுப் பாத்தா ஓட்டைன்னு சொல்ற மாதிரி ஒன்னுமே கண்ணுக்குத் தெரியல, ரப்பர இழுத்தாலும் தெரியல. அதனால தண்ணிக்குள்ள இருக்கும்போதே விரல் நகத்த அந்த எடத்துல வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வெளிய எடுத்து தொடச்சு பால்பாயிண்ட் பேனாவால குறி போடணும். வட்டம் போட்டா தேய்க்கும்போது அழிஞ்சிரும், பெருசா கூட்டல் குறி போடுங்க, நடுவுல தேய்ச்சாலும் நாலு கையும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், ஒட்டு சரியா நடுவுல வைக்க சுலபம்.

இப்போ ஓட்டை டியூப்ல எந்தப் பக்கம் இருக்குங்கிறதே பாதி பதில சொல்லிரும். ரிம் பக்கம், அதாவது உள்வட்டத்துல இருந்தா ஸ்போக்ஸ் ஓட்டைகள மூடுற ரிம் டேப் நகர்ந்து நிப்பிளோ ஸ்போக்ஸ் ஓட்டை விளிம்போ வெட்டியிருக்கும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு சின்னக் கீறல்னா காத்து கம்மியா வச்சு பள்ளத்துல எறக்கிருக்கோம், டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் மாட்டி நசுங்குனது. வால்வு அடியில கிழிஞ்சிருந்தா ஒட்டுறது வீண், டியூபே மாத்தணும். எனக்கு வெளிவட்டத்துல, ரோட்டப் பாத்த பக்கம், நட்ட நடுவுல இல்லாம கொஞ்சம் செயின் பக்கமா தள்ளி. அப்போ ரோட்டுல இருந்து ஏதோ ஒன்னு டயரத் தாண்டி வந்திருக்கு.

வால்வுல இருந்து அளந்து பாத்தேன், ஒரு முழமும் நாலு விரலும். அப்புறம்தான் கடை அண்ணன் போட்ட பழைய ஒட்டு கண்ணுல பட்டுச்சு, அது புது ஓட்டைக்கு ரெண்டு விரல் தள்ளி இருக்கு, அதுவும் செயின் பக்கமா. வால்வு எப்பவும் ரிம்ல ஒரே ஓட்டைல தான் போகும், டயரும் திரும்ப மாட்டும்போது முன்ன பின்ன கொஞ்சம்தான் நகரும். ரெண்டு ஓட்டை இவ்வளவு பக்கத்துல தற்செயலா வராது. குத்துனது ஒரே ஆளு, அது இன்னும் டயர்லயேதான் இருக்கு. டியூப எத்தன தடவ ஒட்டுனாலும் அத எடுக்காம விட்டா திரும்ப குத்தும்.

சாக்பீஸ் கோட்டுல இருந்து டயர்ல அதே தூரம் அளந்து உள்பக்கம் விரல் வச்சு தடவுனேன், மெதுவா, ஏன்னா கண்ணாடித் துண்டா இருந்தா விரல் போயிரும். ஒன்னும் தட்டுப்படல. பஞ்சு வச்சு இழுத்தா மாட்டும்னு சொல்வாங்க, அதுவும் வழுக்கிட்டுப் போச்சு. வெளிய ரோட்டுல படுற பக்கத்துல நல்லா பாத்தா ரப்பர் கட்டைல ஒரு பொட்டு, பேனா நுனி வச்ச அளவு, சுத்தி லேசா துருவோட நெறம். அந்த எடத்துல வெளிய இருந்து கட்டைவிரலால நல்லா அமுக்கிக்கிட்டு உள்ள பஞ்ச இழுத்தேன். ஒரே ஒரு நூல் அங்க மாட்டிக்கிட்டு நின்னுச்சு. கைய எடுத்தா நூல் விட்டுருச்சு, அமுக்குனா திரும்ப மாட்டுது.

ஒட்டுன டியூப் திரும்ப இறங்குன மர்மத்துக்கும் அதுதான் காரணம். குத்துன பொருள் வண்டி சும்மா நிக்கும்போது ரப்பருக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. வண்டி ஓடும்போது அந்த எடம் ரோட்டுல பட்டு, ஆளோட எடை அமுக்கும்போது மட்டும் நுனி ஒரு துளி உள்ள நீட்டி டியூபத் தொடுது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தொடு. அதனாலதான் ஒட்டு போட்டு மாட்டுன பிறகும் ஒரு வாரம் பொறுத்து திரும்ப ஆரம்பிச்சிருக்கு, டியூப உரசி உரசி ஓட்டை போட அவ்ளோ நாள் ஆயிருக்கு.

டயர அந்த எடத்துல உள்ள வெளியா மடிச்சுப் பிடிச்சு, தையல் ஊசியால உள்ள இருந்து வெளிய தள்ளி, மூக்குக் குறடால இழுத்தேன். வந்தது ஒரு கம்பித் துண்டு, 7 மில்லிமீட்டர் இருக்கும், லேசா வளைஞ்சு, முனை வெட்டுன மாதிரி கூர். துருவத் தொடச்சா பித்தளை நெறம். பித்தளை நெறத்துல இரும்புக் கம்பியான்னு யோசிச்சா விடை சுலபம், லாரி, பஸ்ஸோட ரேடியல் டயருக்குள்ள வைக்கிற எஃகுக் கம்பி அது, ரப்பரோட நல்லாப் பிடிக்கணும்னு அதுக்கு பித்தளைப் பூச்சு குடுப்பாங்க. நாலுவழிச் சாலைல டயர் வெடிச்சு வார் வாரா கெடக்குறத எல்லாரும் பாத்திருப்போம். பெரிய துண்ட யாராவது எடுத்துப் போட்டுருவாங்க, உதிர்ந்த கம்பி காத்துலயும் வண்டி வேகத்துலயும் ஓரத்துக்கு ஒதுங்கிரும். அந்த ஓரம்தான் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு விட்டு வச்ச எடம். எனக்கு இதுல உண்மையான வருத்தம் உண்டு, கார்க்காரங்களுக்கு அந்தக் கம்பி ஒன்னும் பண்ணாது, நடுவுல போய் ஓட்டுனா சைக்கிள்காரனுக்கு உயிருக்கு உத்தரவாதம் இல்ல, ஓரத்துல ஓட்டுனா இது. சாலை ஓரத்தப் பெருக்குறது அழகுக்கு மட்டும் இல்லன்னு பராமரிக்கிறவங்களுக்குப் புரியணும்.

ஒட்டுறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான், ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். உப்புத்தாள்ல தேய்க்கும்போது டியூப்ல மேடா ஓடுற அச்சுக் கோடு ஒட்டுக்கு அடியில வந்தா அது மட்டமாகுற வரைக்கும் தேய்ங்க, இல்லன்னா அந்தக் கோட்டோரமா காத்து கசியும். சொல்யூஷன் தடவுன உடனே ஒட்டக் கூடாது. ஒட்டு சைஸ விடப் பெருசா, மெல்லிசா ஒரு பூச்சு பூசி அஞ்சு நிமிஷம் காய விடணும், ஈரப் பளபளப்பு போயி விரல் படாம பாத்தாலே மங்கலா தெரியும், அப்போதான் ஒட்டு வச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு அமுக்கணும். மேல கொஞ்சம் பவுடர் தூவுனா டயர்ல ஒட்டாது. பஞ்சர் லிக்விட் ஊத்துனா போதுமேன்னு சிலர் சொன்னாங்க. கம்பி உள்ள இருக்கும்போது ஊத்துனா அது அடைக்கும், கம்பி குத்தும், அடைக்கும், குத்தும், அப்புறம் வால்வு பின் பிசுபிசுன்னு அடைச்சுக்கிட்டு காத்தே அடிக்க முடியாது.

மாட்டி 60 வச்சு ராத்திரி விட்டுட்டேன். காலைல 57, கேஜ் மாட்டுனதுல போனதும் சூடு குறைஞ்சதும் கழிச்சா ஒன்னுமே போகல. ஒரு வாரம் கழிச்சு கம்பி குத்துன அதே ஓரத்துலயே ஓட்டி வந்தும் அப்படியேதான் இருக்கு.

கையோட முன்சக்கர டயரையும் அமுக்கி அமுக்கிப் பஞ்சு இழுத்துப் பாத்தேன். கம்பி எதுவும் இல்ல, ஆனா சீமைக்கருவேல முள் நுனி ஒன்னு உடைஞ்சு ரப்பருக்குள்ள பாதி தூரம் வந்து நின்னுட்டு இருந்துச்சு, டியூப இன்னும் தொடல. அத ஊசியால நெம்பி எடுத்துட்டேன்.